பத்தி இல்லாத ஐந்து கேள்விகள்

அன்று காலை மூன்றாவது உறையைப் பிரிக்கும்போது அவள் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. மீதிப் பாதி டீத் தம்ளரின் விளிம்பில் ஊறிக்கொண்டிருந்தது. உறைக்குள் வழக்கம்போல ஒரே ஒரு தாள். தாளில் ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பத்தி கிடையாது. அவளுக்குப் பத்தி ஒருநாளும் கிடையாது. அதுதான் அவள் வேலை.

இந்த வேலையை வெளியாட்களுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நுழைவுத் தேர்வுகளில் ஒரு பத்தியைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள் அல்லவா? அந்தக் கேள்விகளைத் தயாரிக்கும் அலுவலகம் அது. பத்தியையும் கேள்விகளையும் ஆட்கள் வீட்டிலிருந்து எழுதி அனுப்புவார்கள். பத்தியைப் படித்தவனுக்கு மட்டும்தான் விடை தெரிய வேண்டும். படிக்காதவனும் கண்டுபிடித்துவிட்டால் அது ஓட்டைக் கேள்வி, எழுதியவருக்கே திரும்பிப் போய்விடும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, பத்தியே பார்க்காத ஓர் ஆள் வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஆள் அவள்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாமூச்சி அக்கா. "படம் பாக்காமலே விமர்சனம் எழுதுற ஆளு எங்கக்கா ஒருத்திதான்" என்று தம்பி தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அவளுடைய வித்தையில் மாயம் ஒன்றும் இல்லை. 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று அடித்துப் பேசுகிற விடையை முதலில் கழித்துவிட வேண்டும். அவ்வளவு உறுதியாகப் பேச எந்தப் பத்திக்கும் தைரியம் கிடையாது. ஒருவரின் மனதுக்குள் புகுந்து பொறாமை, வெறுப்பு என்று காரணம் சொல்கிற விடையையும் தூக்கிப் போட்டுவிடலாம். பத்தியில் இருப்பது நடந்த விஷயம், மனசு இல்லை. மிச்சத்தில் எது அடக்கமாக, கொஞ்சம் நீளமாக, தன்மேல் பழி வராத மாதிரி பேசுகிறதோ அதுதான் அநேகமாகச் சரியான விடை. பயந்தாங்கொள்ளி விடை என்று அதற்கு அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள். இன்னொன்றும் உண்டு. சரியான விடையைப் பத்தியில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டால் அது முடிவுக்கு வருவது ஆகாது, வெறும் எடுத்து எழுதுவதுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விட வேண்டும். பத்தி எழுதுகிறவர்களின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு வருடமாக அவளுடைய அக்காவும் இப்படிப் பத்தி எழுதுகிறாள். அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடியதும் இவள்தான் அலுவலகத்தில் கேள்விகளைச் சரிபார்க்கும் திருத்துநரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டாள். எழுதுகிறவர்களுக்கு எண்தான், பெயர் கிடையாது. எந்த உறை அக்காவுடையது என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்டதில்லை.

வேறு நாளாக இருந்திருந்தால் அவள் தன் மேசை இழுப்பறையை இத்தனை தடவை திறந்து மூடியிருக்க மாட்டாள். அதற்குள் ஒரு கடிதம் இருந்தது. தலைமை அலுவலகத்தில் அவளை மாதிரி பத்துப் பேரைப் பழக்கி உருவாக்க வேண்டுமாம், அதற்கு அவளையே கூப்பிட்டிருந்தார்கள். ரயிலில் ஒரு பகல், ஓர் இரவு போக வேண்டிய ஊர். பதில் சொல்ல இன்று ஐந்து மணிவரை நேரம். வர இயலாது என்று மூன்று வரியில் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். இதற்கு முன் வந்த இரண்டு அழைப்புகளையும், ஒரு கல்யாணப் பேச்சையும் இதே மூன்று வரியில்தான் தட்டிக் கழித்தாள். தம்பியை விட்டுவிட்டு எப்படிப் போவது?

தம்பிக்கு முப்பத்து நாலு வயது. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். இடது கால் மடங்காது. இரண்டு வயதில் வீட்டுப் பின்படியில் உருண்டு விழுந்து, மூன்று தடவை அறுத்துத் தைத்தும் நேராகாத கால். படியேற நேரமாகும், மற்றபடி அவன் யார் தயவிலும் இல்லை. "நீ போய்த் தொலைஞ்சாத்தான் டிவி ரிமோட் என் கைக்கு வரும். போக்கா" என்று நேற்றுக்கூடச் சொன்னான். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அன்றைக்குப் பின்கதவைத் திறந்துவிட்டவள் அவள்.

ஆறு வயதில் செய்த காரியம். முக்காலியைப் போட்டு ஏறி, மேலே இருந்த தாழ்ப்பாளைத் திறந்தாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். தம்பி திறந்த கதவு வழியாகத் தத்தித் தத்திப் போய், பதினான்கு படியும் உருண்டான். காலடியில் முக்காலி ஆடியதும், உள்ளங்கையில் இரும்பு சில்லென்று பட்டதும் அவளுக்கு நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருக்கிறது. அம்மா வாய்விட்டுத் திட்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னவ அன்னிக்கு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா இவன் ஓடியாடித் திரிவான்" என்று சொல்லாமல் விட்டதும் இல்லை. சாகும்வரை சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில் சண்டைக்கே வந்துவிட்டாள். "அவன் பொழப்ப அவன் பாத்துக்குவான். நீ போயேன்டி. உனக்குன்னு ஒரு வாழ்க்கை வேணாமா?"

"கதவைத் திறந்தவ நான். நீ சுலபமாச் சொல்லிடுவ."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

இப்போது மூன்றாவது உறையின் முதல் கேள்வி: 'பத்தியிலிருந்து உறுதியாக முடிவு செய்யக்கூடியது எது?' (அ) அந்தச் சிறுமி எப்போதும் குறும்பு செய்பவள். (ஆ) தாய் பொறுப்பில்லாதவள். (இ) தாழ்ப்பாளை எட்ட, சிறுமிக்கு ஏறி நிற்க ஏதேனும் ஒன்று தேவைப்பட்டிருக்கும். (ஈ) குழந்தைகள் உள்ள வீட்டில் ஒருபோதும் மாடிப்படி இருக்கக் கூடாது. பிஸ்கட்டை மென்றுகொண்டே 'இ' என்று எழுதினாள். பயந்தாங்கொள்ளி விடை. எழுதி முடித்த பிறகுதான் தாழ்ப்பாள் என்ற சொல் உறுத்தியது. உலகத்தில் தாழ்ப்பாள் இல்லாத வீடு எது என்று அடுத்ததற்குப் போனாள்.

இரண்டாவது கேள்வி முக்காலியைப் பற்றியது. (அ) அது உடைந்திருந்தது. (ஆ) குழந்தை பதினான்கு படிகளில் உருண்ட நேரத்தில் அந்த முக்காலி வீட்டுக்குள் இருந்திருக்க முடியாது. (இ) கீழ்வீட்டுப் பெண் அதைத் திருப்பித் தரவே இல்லை. (ஈ) வீட்டில் வேறு முக்காலிகளும் இருந்தன. அவள் கை தன்பாட்டுக்கு 'ஆ' என்று எழுதியது. வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது. பதினான்கு. தாளைக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்து மேசைக்காரி போனில் யாருடனோ திரைச்சீலை நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அதை முழுசாகக் கேட்டுவிட்டுத் தாளைத் திரும்பப் புரட்டினாள்.

மூன்று, மூத்த பெண்ணைப் பற்றி. (அ) அவள் தங்கையை வெறுத்தாள். (ஆ) அவள் வேண்டுமென்றே கதவைத் திறந்து வைத்தாள். (இ) முக்காலி எந்தக் கதவு வழியாக வெளியே போனது என்பது அவளுக்குத் தெரியும். (ஈ) அவளுக்கு எதுவுமே தெரியாது. நான்கு, இளையவள் தான் திறந்ததாக ஒப்புக்கொண்டதைப் பற்றி. (அ) ஆகவே கதவைத் திறந்தவள் அவள்தான். (ஆ) அவள் வேண்டுமென்றே பொய் சொன்னாள். (இ) தந்தை எப்போதும் கோபக்காரர். (ஈ) ஒருவர் தான் செய்ததாகத் தலையாட்டுவதாலேயே அதை அவர் செய்தார் என்று ஆகிவிடாது.

அவள் இ என்று எழுதினாள், ஈ என்று எழுதினாள். பதினோரு வருடப் பழக்கம், கைக்கு யோசனை தேவைப்படவில்லை. ஐந்தாவது கேள்வியில்தான் கை நின்றது. 'மூத்த பெண் இத்தனை ஆண்டுகள் பேசாமல் இருந்தது ஏன்?' (அ) பயம். (ஆ) பொறாமை. (இ) மறதி. (ஈ) பத்தியிலிருந்து சொல்ல இயலாது. அவளுடைய சொந்த விதிப்படி கண்ணை மூடிக்கொண்டு 'ஈ' போடலாம். அவளால் போட முடியவில்லை. தலைக்கு மேல் விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. திருத்துநர் எதிரில் வந்து நின்றிருந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற மனிதர், ஆனால் வேலையில் குண்டூசி முனை அளவுகூடத் தவறு விடமாட்டார். அவள் தாளை எடுத்துத் தன் கையிலிருந்த விடைப் பட்டியலோடு ஒப்பிட்டார்.

"இ, ஆ, இ, ஈ. அடேயப்பா, நாலும் சரி! ஒரே ஓட்டையா இருக்கே. என்ன மேடம், அஞ்சாவதை விட்டுட்டீங்க? இருக்கறதுலயே அதுதானே சுலபம்?"

நாலும் சரி. அந்த இரண்டு சொல்லும் காதுக்குள் இறங்க நேரமானது. அதுவரை ஏதோ தற்செயல், ஊரில் இல்லாத முக்காலியா என்று ஒரு மூலையில் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அந்த மூலையும் போய்விட்டது.

"சார், எனக்கு அந்தப் பத்தி வேணும்."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "என்னங்க சொல்றீங்க? நீங்களா கேக்கறீங்க?"

"நான்தான் விடை எழுதிட்டேனே. இனிமே பாத்தா என்ன கெட்டுடப் போகுது?"

"ஒண்ணும் கெடாது. ஆனா பதினோரு வருஷத்துல நீங்க ஒருதடவை கூடக் கேட்டதில்லையே" என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் போய் எடுத்து வந்து கொடுத்தார். "நல்லா எழுதியிருக்காங்க, பாவம். ஒரு சொல் அதிகமா இல்லை."

ஒரு சொல்கூட அதிகமாக இல்லைதான்.

'அந்த வீட்டின் பின்கதவில் ஐந்தரை அடி உயரத்தில் ஒரே ஒரு தாழ்ப்பாள். பதினொரு வயது மூத்த பெண்ணுக்கு நுனிக்காலில் நின்றால் அது எட்டும். ஆறு வயது இளைய பெண்ணுக்கு எட்டாது. வீட்டில் ஏறி நிற்கத் தோதாக இருந்தது ஒரு முக்காலி மட்டுமே. ஒருநாள் காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டுப் பெண் திரைச்சீலை மாட்டுவதற்கு அதை இரவல் கேட்டாள். மூத்த பெண் அதை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு பின்படி வழியே இறங்கினாள். தெருவைச் சுற்றி முன்வாசல் வழியே திரும்பி வந்தாள். பத்தரை மணிக்கு இரண்டு வயதுக் குழந்தை பின்படியில் உருண்டு விழுந்தது. திறந்த கதவருகே இளைய பெண் நின்றிருந்தாள். "முக்காலி போட்டு ஏறினாயா?" என்று தந்தை கேட்டார். அவள் தலையாட்டினாள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தாய் இறந்தபோதும் வீட்டில் அதையேதான் நம்பினார்கள். முக்காலி அன்று மாலை ஆறு மணிக்குத் திரும்பி வந்தது. எல்லோரும் மருத்துவமனையில் இருந்தார்கள். அதை வாங்கி உள்ளே வைத்தவள் மூத்த பெண்.'

அவ்வளவுதான். திறந்தவள் யார் என்று பத்தியில் எங்கும் இல்லை. இருக்கவும் கூடாது, அதுதான் தொழில் முறை. அவள் மூன்றாம் தடவை படித்தபோது எழுத்துகள் ஓடத் தொடங்கின. அழுகை இல்லை. அழுகை வந்திருந்தால் தேவலை. அடிப் பாவி, முப்பத்திரண்டு வருடம்! ஒரு வார்த்தை சொல்ல முப்பத்திரண்டு வருடமா? அம்மா ஒவ்வொரு விருந்தாளியிடமும் அந்தக் கதையைச் சொன்னபோது அக்கா தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போவாளே, அது அப்போது டீ கொண்டுவரப் போவதாகத்தான் தோன்றியது.

ஆனால் அதைவிடவும் அவளைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. முக்காலி வீட்டிலேயே இல்லை. அப்படியானால் அவள் காலடியில் ஆடியது எது? உள்ளங்கையில் பட்ட அந்தச் சில்லிப்பு எங்கிருந்து வந்தது? அப்பா குனிந்து, "முக்காலி போட்டு ஏறினியா?" என்று கேட்டது நிஜம். தலையாட்டியதும் நிஜம். அவ்வளவு பெரிய முகம் அவ்வளவு பக்கத்தில் வந்து கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? தலையாட்டிய பிறகு அவளே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் தன்னை ஏற்றி, ஆடவும் விட்டிருக்கிறாள். ஊரார் எழுதும் கேள்வியிலெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறவள், இதை ஒருநாள், ஒரே ஒருநாள், கையை உயர்த்தி அளந்து பார்க்கவில்லை. யாரோ தன்னை வைத்துப் பெரிய விளையாட்டு விளையாடி முடித்துவிட்டு, இப்போது கண்கட்டை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. வெளிச்சம் தாங்கவில்லை.

அலுவலகப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. 'பத்தியைப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' வழக்கமாக, 'சரியான விடை நீளம், மற்றவை மிகை' என்று எழுதிவிட்டுப் போவாள். பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு, 'அந்த வீட்டில் நான் இருந்தேன்' என்று எழுதினாள். திருத்துநர் அதைப் படித்தார். "நீங்க இன்னிக்குக் கிளம்புங்க மேடம். இந்த உறையை நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் இழுப்பறையிலிருந்த தன் மூன்று வரிக் கடிதத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவரிடம் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

பேருந்தில் போகும்போது தம்பி போனில் கூப்பிட்டான். "அக்கா, சாயங்காலம் வர்றப்ப பேட்டரி செல் நாலு வாங்கிட்டு வா. ரிமோட் செத்துப்போச்சு."

"தம்பி."

"என்ன?"

"உனக்குக் கால் இப்படி ஆனதுக்கு என்மேல எப்பவாவது கோபம் இருந்துச்சா?"

"எனக்கு ரெண்டு வயசு. உனக்கு ஆறு. வீட்ல பெரியவங்க இருந்தும் ஆறு வயசுப் புள்ளையவா புடிச்சுக் கேப்பாங்க? அப்பவே எனக்கு வெவரம் இருந்திருந்தா உனக்காகப் பேசியிருப்பேன். ஏன், திடீர்னு?" என்றான். "சும்மாதான்" என்றாள். "சரி, செல்லை மறந்துடாத" என்று வைத்துவிட்டான். அவள் சீட்டின் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டாள். இத்தனை வருடம் அவனுக்குச் சோறு போட்டது, துணி மடித்தது, அவன் படியேறும்போது பின்னால் நின்றதெல்லாம் பாசமா, தண்டனையா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. அது எதுவானாலும் அவனுக்கு அதில் சம்பந்தமில்லை. எதிர் சீட்டிலிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தாள்.

அம்மா அப்பா இருந்த அதே மாடி வீட்டில்தான் அக்கா இப்போதும் தனியாக இருக்கிறாள். அவள் முன்வாசலுக்குப் போகவில்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். முப்பத்திரண்டு வருடமாக அவள் கால் வைக்காத படி. கைப்பிடிச் சுவரில் காரை பெயர்ந்து கிடந்தது, மூலையில் யாரோ பழைய வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினாள். பதினான்கும் சரியாக இருந்தது.

கடைசிப் படியில் நின்றபோதுதான் அந்த ஞாபகம் வந்தது. இதற்கு முன்பும் எப்போதாவது வரும், எந்த இடத்தோடும் ஒட்டாமல் போய்விடும். இருட்டான நடையில் தரையில் விழுந்து கிடந்த ஒரு வெளிச்சக் கோடு. அதை மிதிக்க வேண்டும் என்று ஆசையாகப் போனாள். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. திறந்திருந்ததால்தான் கோடு விழுந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் கீழே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது. காலடி முன்வாசல் பக்கம் போய், நின்று, தயங்கி, இந்தப் பக்கம் திரும்பி வந்தது.

"யாரு? பின்பக்கம் யாரு?"

"நான்தான்."

அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கும் பழைய மரக்கதவு. அவளுக்கு எத்தனையோ கேட்க வேண்டியிருந்தது, பஸ்ஸில் வரும்போதே வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். பாவி என்று கத்த வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

"எத்தனை சரி?" என்று அக்காதான் கேட்டாள். குரல் சின்னப் பெண்ணுடையது மாதிரி இருந்தது.

"நாலு."

"நாலுமா?" பிறகு, "நீ பத்தியப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன். இல்ல, பாக்கணும்னுதான் நெனச்சேனோ என்னவோ. எனக்கே தெரியலடி."

கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழாய் நின்றது.

"அஞ்சாவது என்ன எழுதின?"

"எழுதலக்கா. அதை நீதான் சொல்லணும்."

அவள் நெற்றிக்கு நேராக, கதவுக்கு அந்தப் பக்கம், இரும்பு ஒருமுறை முனகியது. துரு பிடித்து இறுகியிருக்க வேண்டும். அக்கா இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள். இவள் தன்னையறியாமல் வலது கையைத் தூக்கி, அந்தச் சத்தம் வரும் இடத்தில் மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கை சுலபமாக எட்டியது. மரம் வெதுவெதுப்பாக இருந்தது. தாழ்ப்பாள் சட்டென்று விலகியது. கதவு ஒரு விரற்கடை திறக்க, உள்ளே எரிந்த விளக்கிலிருந்து ஒரு வெளிச்சக் கோடு படியில் அவள் செருப்புக்கு முன்னால் வந்து விழுந்தது.